வட்டி ஏறவில்லை, மாதத் தவணை மட்டும் ஏன் ஏறியது?

கேள்வி: நியூ ஜெர்சியின் மோரிஸ் கவுண்டியில் 2021இல் வீடு வாங்கினோம். 30 ஆண்டுக் கடன், மாறாத வட்டி 3 சதவீதம். சொத்து வரி 15,600 டாலரிலிருந்து 17,400 ஆகிவிட்டது. வங்கியோ தவணையை மாதம் 300 டாலர் ஏற்றிவிட்டது. யாரிடம் முறையிடுவது? இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 2.4 லட்சம் டாலர். கடன் பாக்கி சுமார் 5 லட்சம்.

பதில்: வங்கி மேல் தப்பில்லை. உங்கள் தவணையில் எஸ்க்ரோ என்று ஒரு பகுதி உண்டு. வரியை வங்கி அதிலிருந்துதான் கட்டுகிறது. ஆண்டுக்கு 1,800 டாலர் கூடினால் மாதம் 150. போன வருடம் பழைய கணக்கில் வசூலித்துவிட்டுப் புது வரியைக் கட்டியதால் இன்னொரு 1,800 துண்டு விழுந்திருக்கிறது. அதற்கும் மாதம் 150. இந்த இரண்டாவது 150 ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும்.

சரி, மேல்முறையீடு? "வரி கட்டுப்படியாகவில்லை" என்ற வாதம் கவுண்டி வரி வாரியத்தில் எடுபடாது. அவர்கள் பார்ப்பது வீட்டின் மதிப்பீடு சரியா என்பதை மட்டுமே. அதிலும் பலர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. உங்கள் ஊரில் மதிப்பீடுகள் சராசரியாகச் சந்தை விலையில் 75 சதவீதம் என்று வையுங்கள். உங்கள் வீட்டின் மதிப்பீட்டைச் சந்தை விலையால் வகுத்தால் வரும் விகிதம் அந்தச் சராசரியை 15 சதவீதத்துக்கு மேல் தாண்டினால்தான், அதாவது 86.25ஐத் தாண்டினால்தான், குறைப்பார்கள். 7 லட்சம் பெறும் வீட்டை 5.6 லட்சத்துக்கு மதிப்பிட்டிருந்தால் விகிதம் 80. சராசரியைவிட அதிகம்தான், ஆனாலும் ஒரு டாலர்கூடக் குறையாது. அதனால் வக்கீலுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். தாண்டுகிறது என்றால், முந்தைய அக்டோபர் 1ஐ ஒட்டி அக்கம்பக்கத்தில் விற்ற, உங்களுடையதைப் போன்ற வீடுகளின் விலையைத் திரட்டுங்கள். மோரிஸில் பொதுவாக ஏப்ரல் 1 கடைசி நாள். சில கவுண்டிகளில் ஜனவரி 15 என்பதால், வேறு கவுண்டி நண்பர் சொல்லும் தேதியை நம்ப வேண்டாம்.

உங்களுக்கு நிச்சயமாகப் பணம் மிஞ்சக்கூடிய இடம் வருமான வரிக் கணக்கு. 2018 முதல் மாநில வருமான வரி, சொத்து வரி இரண்டும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் மத்திய வரியில் கழிக்க முடியாமல் இருந்தது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த வரம்பு 40,000 ஆனது. உங்கள் மாநில வரி சுமார் 10,000 இருக்கும். அத்துடன் சொத்து வரி 17,400, கடன் வட்டி சுமார் 15,000. மொத்தம் 42,000 தாண்டுகிறது. செலவுகளைப் பட்டியலிடாமலே எடுக்கக்கூடிய நிலையான கழிவு தம்பதிக்கு 2025இல் 31,500தான். 22 சதவீத அடுக்கில் 2,000 டாலருக்கு மேல் மிச்சம். பழக்கதோஷத்தில் நிலையான கழிவையே எடுத்துவிடாதீர்கள்! 2030இல் வரம்பு மறுபடி 10,000 ஆகிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் மாநிலத்தின் சொத்து வரி நிவாரணமான ஆங்கர் திட்டத்தில் 1,000 டாலர் வரவேண்டும். வந்ததா என்று முதலில் பாருங்கள்.