மூன்று வேலை, ஒரு சனிக்கிழமை

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எனக்கென்று கிடைப்பது சனிக்கிழமை காலை நான்கு மணி நேரம், வாரத்தில் இரண்டு இரவு முக்கால் மணி நேரம். இதற்குள் மூன்று வேலை வைத்திருக்கிறேன். சிக்குக் கோலம் போடும் ஆண்ட்ராய்டு ஆப். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாத்தாவின் 60 கவிதைகளை, இன்று போனிலும் இணையத்திலும் புழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் புரோகிராம். பாட்டி சொன்ன கதைகளை என் குரலில் போடும் பாட்காஸ்ட். வாரம் ஒன்று என்று முறை வைத்துச் செய்து ஒன்றரை வருடமாகியும் எதுவும் முடியவில்லை. திரும்பி வரும்போது எங்கே விட்டேன் என்பதே மறந்துவிடுகிறது. எதையாவது விட்டுவிடட்டுமா? கோல ஆப் மட்டும் இந்த மார்கழிக்குள் வெளிவர ஆசை. 18,000 ரூபாய் கொடுத்தால் பிளே ஸ்டோரில் போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன், காரணம் பின்னால் வருகிறது.

எதையும் விட வேண்டியதில்லை. முறை வைப்பதுதான் கோளாறு. வாரம் ஒன்று என்றால் ஒவ்வொரு வேலைக்கும் 21 நாளுக்கு ஒருமுறைதான் கை படும். மூன்று வாரம் தொடாத புரோகிராம் கோட் அடுத்தவர் எழுதிய கோட் மாதிரிதான். அதை வாசித்துப் புரிந்துகொள்வதற்குள் உங்கள் நான்கு மணி நேரத்தில் ஒன்றரை போய்விடும். இந்தத் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிற எனக்கும் அப்படித்தான்.

உங்கள் மூன்றும் ஒரே ஜாதி வேலை அல்ல என்பதைக் கவனியுங்கள். கோட் எழுத நீண்ட நேரம் ஒரே மூச்சாக உட்கார வேண்டும், அதற்குச் சனிக்கிழமை. கதைப் பதிவுக்கு வேண்டியது அமைதி. சனிக்கிழமை காலையில் குக்கர் விசிலுக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவில் எப்படிப் பதிவு செய்தீர்களோ தெரியவில்லை! அதை இரவுக்குத் தள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். ஓர் இரவு பதிவு, மறு இரவு வெட்டி ஒட்டுவது. இரண்டு வாரத்துக்கு ஒரு கதை வந்தால் போதும், யாரும் கெடு வைக்கவில்லை.

தாத்தாவின் கவிதைகளை ஒரே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். நீங்கள் எங்கே மாட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து பதிவாகும். ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். ‘கொ’ வந்தால் ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று துண்டு இரண்டு பக்கமும் நிற்கும். இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டாம். ஓப்பன்-தமிழ் என்று பைத்தான் மொழியில் எழுதிய இலவச நிரல் தொகுப்பில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா நடுவே ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாக மாறி வரும், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை உட்கார வைத்திருக்கிறது. அறுபதையும் ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். எல்லா எழுத்துருவுக்கும் பொதுவான மாற்றியாகச் செய்துவிடலாமே என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் இன்னும் ஒன்றரை வருடம்.

ஆக, சனிக்கிழமைக்கு மிச்சம் கோலம் மட்டும். ஒவ்வொரு சனியும் கடைசிப் பத்து நிமிடம் கோட் எதையும் தொடாமல், ரீட்மீ கோப்பில், அதாவது கோட்டோடு சேர்த்து வைக்கும் குறிப்பில், மூன்று வரி எழுதுங்கள். ‘சின்னத் திருத்தம்’ என்று எழுதினால் அடுத்த வாரம் உதவாது. ‘7 புள்ளி 7 வரிசையில் ஓரத்து வளைவு திரும்பாமல் நேரே போகிறது, மூலைப் புள்ளிக்கான நிபந்தனை இல்லை, அடுத்து அதைச் சேர்க்க வேண்டும்’ என்று எழுதினால் உதவும். ஆபீஸ் லேப்டாப்பில் இவை எதையும் செய்யாதீர்கள்.

இனி அந்த 18,000 ரூபாய். பிளே ஸ்டோர் கணக்குக்கு 25 டாலர், வாழ்நாளில் ஒரே முறை. அதை நீங்களே கட்டலாம். அப்படியென்றால் ஏஜென்சி எதற்குக் காசு கேட்கிறது? 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை எல்லோருக்கும் திறப்பதற்கு முன் 12 பேரைச் சோதனையாளராகச் சேர்த்து, அவர்கள் 14 நாள் தொடர்ந்து விலகாமல் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். குப்பை ஆப்களைத் தடுக்க என்று கொண்டுவந்தது. குப்பை போடுகிறவன் 12 பேரைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறான். நிறுவனக் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த விதியே கிடையாது. வீட்டில் உட்கார்ந்து கோலம் போடுகிறவர்தான் ஆள் பிடிக்க அலைய வேண்டும். இது என்ன நியாயமோ!

இந்த இடைவெளியில் பிழைப்பவர்கள்தான் ஏஜென்சிகள். சிலர் சோதனையாளர்களை வாடகைக்குத் தருவார்கள். 14 நாள் கழித்து கூகுள் உங்களிடம், யாரை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும்போது எழுதப் பதில் இருக்காது. சிலர் பழைய கணக்கை விலைக்கு விற்பார்கள். அது பிடிபட்டால் கணக்கோடு ஆப்பும் போகும். மூன்றாவது வகைதான் ஆபத்து: ‘எங்கள் கம்பெனி கணக்கில் போட்டுத் தருகிறோம், உடனே வந்துவிடும்.’ வரத்தான் செய்யும். ஆனால் கணக்கு யாருடையதோ ஆப் அவர்களுடையது. பிளே ஸ்டோர் அதை அடையாளம் காணும் உள்பெயரை ஒருமுறை வெளியிட்டபின் மாற்ற முடியாது. அடுத்த திருத்தம் போட வேண்டுமானாலும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பஞ்சாங்க ஆப்பில் ஒரு தேதியைத் திருத்த ஒவ்வொரு தடவையும் தண்டம் அழுதார்.

அந்த 14 நாள்தான் நான் சொன்ன ஏற்பாட்டுக்கு ஒரே விதிவிலக்கு. அந்த இரண்டு வாரமும் பாட்காஸ்ட் கிடையாது, இரவுகளும் கோலத்துக்கே. யாராவது ஆப்பை அழித்துவிட்டு விலகினார்களா என்று தினமும் பார்க்க வேண்டும், சொன்ன குறைகளைச் சரிசெய்து புதுப் பதிப்பு ஏற்ற வேண்டும். சரியாக 12 பேரோடு நிற்காமல் 16 பேர் சேருங்கள், நாலு பேர் எப்படியும் கழன்றுகொள்வார்கள்.

எப்போது தொடங்குவது? மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். சோதனையை நவம்பர் 1 தொடங்கினால், ஆப்பை எல்லோருக்கும் திறக்கக் கேட்டு 15ஆம் தேதி கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு ஒரு வாரம் வையுங்கள். ‘சோதனை போதாது, இன்னொரு 14 நாள்’ என்று திருப்பி அனுப்பினாலும், மறுபடி மூன்று வாரம் போய் டிசம்பர் 13 ஆகும். அதனால் நவம்பர் 15க்குத் தொடங்கலாம் என்ற யோசனையே வேண்டாம். இன்று செப்டம்பர் தொடக்கம். நவம்பருக்குள் எட்டு சனி. தாத்தாவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று போனால் ஆறு, அதாவது 24 மணி நேரம். இதற்குள் நேர்ப்புள்ளி மட்டும்தான் முடியும். இடுக்குப் புள்ளி, வண்ணம், பகிரும் பொத்தான் எல்லாம் அடுத்த மார்கழிக்கு.

அதற்குள் முடியாது என்று தோன்றினால், இதையே வலைப்பக்கமாகச் செய்து கிட்ஹப் பேஜஸ் என்ற வலைப்பக்கச் சேவையில் இலவசமாகப் போட்டுவிடுங்கள். யாரிடமும் அனுமதி வேண்டாம், போனில் திறந்தால் கோலம் வரும். என்னைக் கேட்டால் முதலிலேயே இதைத்தான் செய்வேன். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது ஆப்.

16 பேருக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். மார்கழியில் உங்கள் குடியிருப்பு வாசலில் கோலம் போடுகிறவர்களே வேண்டிய ஆள்கள். புள்ளி தப்பாக விழுந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், நீங்கள் கூகுளுக்கு எழுத வேண்டிய பதிலும் அதுவே. மாமியார், அவர் தங்கை, ஆபீஸில் நாலு தோழிகள் என்று பட்டியலை இன்றே எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயில் முகவரியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருக்கும் கொழுந்தனார் எவ்வளவு ஆசைப்பட்டாலும் இதில் சேர்த்துப் பயனில்லை.