பதில்: அப்பாவுக்கு முழித்திருக்கும்போதே மூளை ஆபரேஷனா?

வணக்கமுங்க. மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு இடது பக்க மூளையில் கட்டி, எம்ஆர்ஐ எடுத்த பிறகும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ கேட்கிறார்கள், போதாததற்கு முழித்திருக்கும்போதே ஆபரேஷன் என்கிறார்கள், இதெல்லாம் காசு பிடுங்கும் வேலையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க.

சாதாரண எம்ஆர்ஐ கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும், பேச்சு எங்கே இருக்கிறது என்று காட்டாது. ஃபங்ஷனல் எம்ஆர்ஐயில் அவரை மனசுக்குள் வார்த்தை யோசிக்கச் சொல்லி, எந்தப் பகுதியில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது. பேச்சுக்கான இடம் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஓஜிமன் குழு 117 பேரிடம் சோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்விலேயே அது தெளிவாகிவிட்டது.

அதனால்தான் முழிக்க வைப்பது. தலைத்தோலை மரத்துப்போகச் செய்துவிடுவார்கள், மூளைக்கோ வலியே தெரியாது. லேசான மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டே ஆட்டுப் படத்தைக் காட்டுவார்கள், "இது வந்து..." என்று இழுத்துவிட்டுப் பேர் வராமல் நின்றால் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு மொழிக்கும் இடம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கலாம், இரண்டிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படங்களை முன்கூட்டியே வாங்கி அப்பாவிடம் காட்டிப் பாருங்கள், அவருக்குத் தெரியாத பொருள் இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அப்புறம், கண்ணாடி போடுபவர் என்றால் அதையும் தியேட்டருக்குள் அனுப்பச் சொல்லுங்கள்.