கவசம் கேட்கட்டும், மாத்திரையும் போடட்டும்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 68 வயது. அடுத்த வாரம் முட்டி மாற்று ஆபரேஷன். தினமும் முருகன் கவசம் படிப்பவர். அதைப் போட்டுக் கேட்டால் வலி குறையுமா? பெயின் கில்லரைக் குறைத்துக்கொள்ளலாமா? ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், ஐந்து நாள் ‘மந்திர ஒலி சிகிச்சை’க்கு 15,000 ரூபாய் கேட்கிறார்.”

அந்த ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள். 432 ஹெர்ட்ஸ், 528 ஹெர்ட்ஸ் என்று ஒலி அதிர்வு எண்களை அள்ளிவிடுவார்; ஆபரேஷன் வலி குறிப்பிட்ட எந்த எண்ணுக்கும் அடங்குவதில்லை. நோயாளியின் பயம்தான் இவர்களுக்கு மூலதனம். மந்திரம், தாயத்து, கவசம் என்று அற்புத சக்தி சொல்லி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அதில் ‘கவசம்’ என்ற சொல்லே இருக்கிறது. சட்டம் இருந்து என்ன, வார்டு வாசலில் கேட்க ஆள் வேண்டாமா? உங்கள் அம்மாவுக்குத் தேவை பழைய போனும் ஒரு இயர்போனும்தான்.

சரி, வலி குறையுமா? கொஞ்சம் குறையும். 2015-ல் லான்செட் இதழில் 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. மருந்தின் தேவை தானாகக் குறைவது வேறு, நாமாக மாத்திரையை நிறுத்துவது வேறு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரமே எழுந்து நடக்க வேண்டும், காலை மடக்க வேண்டும். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் முட்டி இறுகும், காலில் ரத்தம் உறையும்.

இன்னொன்று. பல வார்டுகளில் வலி மருந்தை ‘தேவைப்பட்டால்’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். நர்ஸுக்கு நிற்க நேரமில்லை. நம் அம்மாக்களோ வார்டு ஆயா ‘மவுசி’ வந்து கேட்டால்கூட “பரவாயில்லை” என்பார்கள். இன்ஷூரன்ஸ் கையெழுத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதிகூட, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுவதற்கு இல்லை. அதனால் மருந்தை நேரம் குறித்து எழுதச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

கேட்பதோடு, அம்மாவே முணுமுணுத்துப் படிக்கட்டும். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், ஜெபமாலை சொன்னபோதும் மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு நிதானமானது. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள்தான், நோயாளிகள் அல்ல. ஆனாலும் நிதான மூச்சு யாருக்கும் நல்லது. கவசத்தை நாம் வழக்கமாக ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் சொல்வோம். அது உதவாது. ஒரு வரி, ஒரு மூச்சு. பிசியோதெரபிக்குக் கொஞ்சம் முன்பு தொடங்கினால் நல்லது.

ஒரு எச்சரிக்கை மட்டும். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் மனக்குழப்பம் வரலாம், இரவில் கூடும். இடம் தெரியாது, இல்லாதவர்கள் தெரிவார்கள். அந்த நேரத்தில் தலைமாட்டில் ஒளித்துவைத்த போனிலிருந்து குரல் வந்தால், யாரோ கூப்பிடுவதாகத்தான் நினைப்பார்கள். சாவு வீட்டில் ஓதும் பதிகம் காதில் விழுந்தால், தன்னை வழியனுப்புவதாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே இருட்டியபின் பாட்டு வேண்டாம். பகலிலும் போன் கண்ணில் படும்படி இருக்கட்டும், “போடட்டுமா அம்மா?” என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கண்ணாடியையும், காது மெஷின் இருந்தால் அதையும் ஆபரேஷன் முடிந்ததும் திருப்பி மாட்டிவிடுங்கள். குழப்பம் தெரிந்தால் வயசுக்கோளாறு என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடங்கியிருந்த வலி திடீரென்று ஏறினாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ பாட்டை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.