நகைக்கடன் இருக்கு, 28,000 ரூபாய்க்கு பீட்சா அவன் இஎம்ஐல எடுக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். தேவகோட்டை பக்கம் எங்க ஊரு, பழைய கூட்டுக் குடும்ப வீடு. நான் டீச்சரா இருக்கேன், வீட்டுக்காரருக்கு காரைக்குடில வேலை, ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 52,000 வரும். பசங்க ரெண்டு பேரும் மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பீட்சா வேணும்னு ஒரே அடம், ஒரு தடவைக்கு ரெண்டு பீட்சா, 700 ரூபா ஆயிடுது. ஆன்லைன்ல 400 டிகிரி வரைக்கும் போற எலக்ட்ரிக் பீட்சா அவன் ஒன்னு பாத்து வெச்சிருக்கேன், 27,990 ரூபா, கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இஎம்ஐ 9 மாசம், மாசம் 3,110. இவர் என்னடான்னா 6,500க்கு ஒரு ஓடிஜி (கேக், டோஸ்ட், கிரில் எல்லாம் பண்ற சின்ன கரண்ட் அவன்) போதும்ங்கறார். சிங்கப்பூர்ல இருக்குற கொழுந்தனார் அங்கேருந்தே வாங்கியாறேன்னு சொல்றார். மாமியார் இந்த வீட்டு வயரிங் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. பேங்க்ல நகைக்கடன் 1,20,000 இருக்கு, 9 சதவீத வட்டி. எத செய்யலாம்?

பதில்: வணக்கம்மா. நீங்க கடைசியா போற போக்குல சொன்ன ரெண்டு விஷயத்ததான் நான் மொதல்ல எடுத்துக்குறேன், மாமியார் சொன்ன வயரிங், அப்புறம் நகைக்கடன். அவன் எதுன்னு முடிவு பண்றது அதுக்கப்புறம் ரொம்ப சுலபம்.

மாமியார் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இந்த மாதிரி அவன் எல்லாம் 1,500ல இருந்து 1,800 வாட் வரைக்கும் இழுக்கும், நம்ம 230 வோல்ட்டுக்கு 1,800 வாட்னா கிட்டத்தட்ட 8 ஆம்பியர், ஆனா சமையக்கட்டுல மிக்ஸி சொருகுற சின்ன பிளக் பாயிண்ட் வெறும் 6 ஆம்பியருக்கு போட்டது. அதுல சொருகி அரை மணி நேரம் ஓட விட்டா பிளக் சூடாகி ஒரு நாள் கருகும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா இன்னும் மோசம். நம்ம பக்கத்து பழைய வீடுங்கள்ல மெயின் ஸ்விட்ச் இருக்குறது முகப்புல, சமையக்கட்டு இருக்குறது ரெண்டு கட்டு தாண்டி கடைசில, அவ்ளோ தூரத்துக்கு என்னைக்கோ இழுத்த மெல்லிசு வயர், பல வீட்ல எர்த் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. அதனால எந்த அவன் வாங்கினாலும் மெயின்ல இருந்து தனியா வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த்தோட, போடணும். சுண்ணாம்பு பூச்சு சுவர வெட்ட விட்றாதீங்க, மேலாலயே கேசிங் பட்டி அடிச்சு கொண்டு போக சொல்லுங்க, வெட்டினா திரும்ப அந்த பூச்சு பூச ஆளும் கெடைக்காது கெடைச்சாலும் கூலி அவன் விலைய தாண்டிடும். எலக்ட்ரீஷியன வர சொல்லி வயர், சாமான், கூலி எவ்ளோன்னு கேட்டு வாங்கி, அத அவன் விலையோட கூட்டிக்குங்க. அதான் உண்மையான விலை. எர்த் லீக் ஆனா டிரிப் ஆகுற ஆர்சிசிபி இல்லேன்னா அதையும் சேர்த்து போட்ருங்க, பீட்சாவே பண்ணலேன்னாலும் அது வீட்டுக்கு தேவை. இன்வெர்ட்டர் லைன்ல மட்டும் இந்த பாயிண்ட்ட குடுத்துடாதீங்க.

இன்னொன்னு, சாயங்காலம் உங்க ஊர்ல வோல்டேஜ் இறங்குமான்னு பாருங்க. 230க்கு பதிலா 190தான் வருதுன்னா சூடு அதே விகிதத்துல குறையாது, அதவிட மோசமா மூணுல ஒரு பங்கு கிட்ட குறைஞ்சிடும், 400 டிகிரின்னு போட்ருக்குற மெஷின் 400 போய் சேர்றதுக்குள்ள பசங்க தூங்கிடுவாங்க.

கரண்ட் பில்ல நெனச்சு பயப்பட வேணாம். சூடு ஏத்தி நாலு பீட்சா போட்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆகுதுன்னு வெச்சாலும் ஒன்றரை யூனிட், மிஞ்சிப் போனா 1.8. யூனிட்டுக்கு 10 ரூபான்னு தாராளமா போட்டாலும் ஒரு நாளைக்கு 18 ரூபா. எல்லாரும் இதத்தான் மொதல்ல கேக்குறாங்க, பணம் போறது இங்க இல்ல.

சரி இப்ப வட்டிக்கு வருவோம். உங்க நகைக்கடன் 9 சதவீதம், நம்ம ஊர் கணக்குல சொன்னா நூத்துக்கு 75 பைசா வட்டி. கிரெடிட் கார்டு பில்ல ஒரு மாசம் முழுசா கட்டாம விட்டா மாசத்துக்கு மூணு, மூணரை சதவீதம் போடுவான், அதாவது மூணரை ரூபா வட்டி! தெருவுல ஒருத்தர் வந்து மூணரை வட்டிக்கு பணம் தர்றேன்னு சொன்னா நம்ம ஆச்சிமார் வாசப்படி ஏற விடுவாங்களா? அதையே கார்டு பண்ணா எஸ்எம்எஸ் வந்துச்சு, அப்புறம் கட்டிக்கலாம்னு விட்டுடுறோம். நோ காஸ்ட் இஎம்ஐங்கறதும் சும்மா வர்றதில்ல. பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டி அளவுக்கு விக்கிறவன் விலைல கழிச்சு குடுக்குறான், அவ்ளோதான் சூட்சுமம். அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் ஃபீஸும் உங்க தலைல. 15 சதவீத வட்டின்னு வெச்சா 9 மாசத்துக்கு வட்டி சுமார் 1,700 வரும், அதுக்கு ஜிஎஸ்டி 300 சொச்சம், ஃபீஸ் ஒரு 200 அதுக்கும் ஜிஎஸ்டி, ஆக 500 ரூபா தாண்டிடும். பெரிய தொகை இல்லதான், ஆனா முழு பணமும் ஒரே தடவையா கட்டினா டிஸ்கவுண்ட் தருவானான்னும் பாருங்க, ஏன்னா இஎம்ஐ எடுத்தா அது பெரும்பாலும் கெடைக்காது. அதவிட முக்கியம், கார்டுல இஎம்ஐ ஓடிட்டு இருக்கும்போது ஒரு மாசம் பில் பாக்கி நின்னா, அந்த மாசம் அதே கார்டுல வாங்கின மளிகை, பெட்ரோல் எல்லாத்துக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

28,000 ரூபாய உங்களால மாசம் 3,110ன்னு ஒதுக்க முடியும்னா, அத 9 மாசம் நகைக்கடன்ல கட்டுங்களேன். 28,000 அசல் குறைஞ்சா வருஷத்துக்கு 2,520 ரூபா வட்டி மிச்சம். அந்த வட்டிலயே வருஷம் பூரா பீட்சாவுக்கு சீஸ் வாங்கலாம்.

இப்ப வீட்ல பண்ணா எவ்ளோ மிச்சம்னு பாப்போம். மைதா 150 கிராம், மொசரெல்லா சீஸ் 80, 90 கிராம், தக்காளி, வெங்காயம், குடமிளகா, ஈஸ்ட், எண்ணெய், கரண்ட் எல்லாம் சேத்து ஒரு பீட்சா 100 ரூபாய்க்குள்ள முடியும்னு நான் போடுறேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து சீஸுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆயிடுச்சு, ரெடிமேட் பீட்சா பேஸுக்கு வரியே எடுத்துட்டாங்க (பீட்சா அவன் மெஷினுக்கு மட்டும் 18 அப்படியே நிக்கிது, அது வேற). கடைல ஒன்னு 350, ஆக ஒரு பீட்சாவுக்கு 250 மிச்சம், மாசம் நாலு பீட்சாவுக்கு 1,000. இத வெச்சு 28 மாசத்துல அவன் காசு வந்துடும்னு நீங்க கணக்கு போட்ருப்பீங்க. ஆனா நடக்குறது அப்படி இல்லம்மா. பசங்க கடை பீட்சாவ அடியோட விட மாட்டாங்க, பிறந்த நாளு, பரீட்சை முடிஞ்ச நாளுன்னு ஆர்டர் போகத்தான் போகுது. பாதிதான் நிக்கும்னு வெச்சா மாசம் 500தான் மிச்சம், அப்போ 28,000 திரும்பி வர 56 மாசம், கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். இந்த மாதிரி மெஷினுக்கு வாரண்ட்டி பெரும்பாலும் ஒரு வருஷம்தான். இதே 6,500 ரூபா ஓடிஜின்னா 13 மாசத்துல வந்துடும். இதுல இன்னொரு விஷயத்த எல்லாரும் விட்டுடுறாங்க, வீட்ல அவன் வந்ததும் மாசம் நாலு பீட்சா எட்டாகும், அக்கா பசங்க வந்தா பன்னெண்டாகும். கூடுதலா பண்ற ஒவ்வொன்னும் மிச்சம் இல்ல, 100 ரூபா செலவு. சந்தோஷமா பண்ணுங்க, ஆனா அத சேமிப்பு கணக்குல எழுதாதீங்க.

400 டிகிரி எதுக்குன்னு கேட்டா, இத்தாலில நேப்பிள்ஸ் பக்கம் விறகு அடுப்புல போடுற மெல்லிசு பீட்சா 430 டிகிரிக்கு மேல ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துல வெந்து ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா கருகி வரும், அத வீட்ல எடுக்கத்தான் இந்த மெஷின். உங்க பசங்க கேக்குறது அதுவான்னு யோசிங்க. டெலிவரில வர்ற தடிமனான, பன்னு மாதிரி மெத்துன்னு இருக்குற பீட்சாவுக்கு 230, 250 டிகிரியே தாராளம், ஓடிஜில பத்து, பன்னெண்டு நிமிஷத்துல ஆயிடும். ஓடிஜில கேக், பிஸ்கட், கோழி, டோஸ்ட்டும் போட்டுக்கலாம். நம்ம பலகாரத்துக்கெல்லாம் பிரயோசனப்படும்னு மட்டும் மனசுல கணக்கு சேக்காதீங்க, சீயமும் கந்தரப்பமும் சீப்புச் சீடையும் எண்ணெய்லதான் வேகும், அவன் அங்க ஒன்னும் பண்ணாது.

விலை குறைவுன்னு ரவுண்டா மூடி போட்ட பீட்சா மேக்கர் ஒன்னும் விக்கிறாங்க. அதுல ரெண்டு ஜாதி இருக்கு. உள்ள கல்லு வெச்சு மேலயும் கீழயும் ஹீட்டர் இருந்து 350க்கு மேல போறது நல்ல சாமான், ஆனா பீட்சா தவிர பெருசா எதுக்கும் ஆகாது. இன்னொன்னு வெறும் நான்ஸ்டிக் தட்டு, சப்பாத்தி மேக்கருக்கு பேர மாத்தி விக்கிறது. எத்தன டிகிரி போகும்னு எழுதாத பெட்டிய தொடாதீங்க.

கொழுந்தனார் விஷயம்: சிங்கப்பூர் கரண்ட்டும் 230 வோல்ட்தான், அதனால மெஷின் ஓடும், மூணு பட்டை பின்னு பிளக்க மட்டும் மாத்தணும். ஆனா அங்க வாங்கினதுக்கு இங்க வாரண்ட்டி கேட்டா பெரும்பாலும் கைய விரிச்சிடுவாங்க, ஹீட்டர் போனா பார்ட்ஸும் கெடைக்காது, கல்லோட சேத்து நல்ல கனம் இருக்கும், அவர் பெட்டி வெயிட்ல பாதி போயிடும். அவர் ஆசையா வாங்கித் தர்றேன்னா அந்த பீட்சா கல்ல மட்டும் வாங்கியாற சொல்லுங்க. அமெரிக்கால இருந்து யாராவது கொண்டாறேன்னா வேணவே வேணாம், அது 120 வோல்ட், இங்க ஓட்ட கனமான டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும்.

சிங்கப்பூர் கல்லு வர்ற வரைக்கும் வீட்ல இருக்குற பழைய இரும்பு தோசைக்கல்ல, கைப்பிடி பிளாஸ்டிக்கோ மரமோ இல்லாததா பாத்து, கவுத்து ஓடிஜி உள்ள வெச்சு அரை மணி நேரம் சூடு ஏத்துங்க, அடிப்பக்கம் நல்லா மொறுமொறுன்னு வரும். ஓடிஜி வாங்குறதுக்கு முன்னாடி கல்லோட அகலத்த அளந்து வெச்சுக்குங்க, 25ல இருந்து 30 லிட்டர்னா பத்து இஞ்ச் கல்லு சாதாரணமா போகும், இருந்தாலும் உள் அளவ பாத்துக்குங்க. யாராவது ஆத்தங்குடி கல்லு மிச்சம் கெடக்கு அத வெக்கலாமான்னு கேப்பாங்க, கேட்டும் இருக்காங்க! அது சிமெண்ட்டும் கலர் பொடியும் சேத்து ஊத்தினது, சூட்டுல வெடிக்கும், சாப்பாடு படுற சாமானும் இல்ல.

ஆக என் முடிவு உங்க வீட்டுக்காரர் பக்கம்தான், ஓடிஜி. ஆனா அதையும் இன்னைக்கே ஆர்டர் போட வேணாம். மொதல்ல இந்த மாசம் ரெண்டு ஞாயிறும் கேஸ் அடுப்புலயே தோசைக்கல்லுல பண்ணிப் பாருங்க, மாவ தட்டி ஒரு பக்கம் வேக விட்டு திருப்பி போட்டு, மேல சாஸ், சீஸ் எல்லாம் வெச்சு மூடி போட்டு சிம்ல விட்டா சீஸ் உருகிடும், மேல சிவக்காது, ஆனா ருசி வந்துடும். நம்ம வெக்கைக்கு மாவு ஒரு மணி நேரத்துலயே பொங்கிடும். வேல பாத்துட்டு வர்ற உங்களுக்கு ஞாயித்துக்கிழமை மாவு பெசஞ்சு நிக்க தெம்பு இருக்கா, பசங்க அத சாப்பிடுறாங்களான்னு இதுலயே தெரிஞ்சிடும். ரெண்டாவது ஞாயிறே அலுத்துப் போச்சுன்னா 6,500ம் மிச்சம், சாமான் ரூம்ல ஏற்கனவே இருக்குற பித்தளை அண்டாவுக்கும் பீங்கான் ஜாடிக்கும் பக்கத்துல இது ஒன்னு போய் உக்காராது.

நல்லா வருதுன்னா ரெண்டு மாச சம்பளத்துல எடுத்து வெச்சு ரொக்கமா வாங்குங்க, நகைக்கடன் இருக்கும்போது இந்த செலவு தப்பில்லையான்னு மனசு உறுத்த வேணாம், 52,000 வருமானத்துல 6,500 குடும்பத்துக்கு செலவு பண்ணலாம். வாங்கும்போது 250 டிகிரி இருக்கணும், மேல் ஹீட்டரும் கீழ் ஹீட்டரும் தனித்தனியா போடுற ஸ்விட்ச் இருக்கணும், ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, சர்வீஸ் சென்டர் காரைக்குடிலயோ மதுரைலயோ இருக்கான்னு கேளுங்க, மதுரைதான்னா தூக்கிட்டுப் போற பஸ் செலவு உங்களது. இருவது ரூபா குறையுதுன்னு ஆன்லைன்ல வாங்குறதவிட இதுக்கு உள்ளூர் கடைல வாங்குறதுதான் எனக்கு சரின்னு படுது, கடையிலயே சொருகி ரெண்டு ஹீட்டரும் சிவக்குதான்னு பாத்துட்டு எடுத்துட்டு வரலாம். வீட்டுக்கு வந்ததும் மொதல் தடவ ஒன்னும் வெக்காம கால் மணி நேரம் காலியா ஓட விடுங்க, புகையும் வாடையும் வரும், ஜன்னல தொறந்து வெச்சுக்குங்க. பில்லு தெர்மல் பேப்பரா இருந்தா அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க, வாரண்ட்டி முடியுறதுக்குள்ளயே எழுத்து மங்கிடும்.