மலை மேல நெட்வொர்க் பாடம்: உங்க கேள்வி, என் பதில்

போன இதழ்ல, காலேஜ் பசங்களுக்கு டேட்டா கம்யூனிகேஷன் பேப்பர்ல சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு ரெண்டு வரி போட்டிருந்தேன். பசங்க எழுதுவாங்கன்னு பார்த்தா அவங்க அப்பா அம்மா, ஹோம்ஸ்டே நடத்துறவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். இந்த மலையில பல வருஷம் இதே பேப்பரை நடத்தினவன் நான், அதனால புத்தகத்துல இருக்கற மாதிரி இல்லாம கிளாஸ்ல எப்படி சொல்லுவேனோ அப்படியே சொல்றேன்.

கேள்வி: நெட்வொர்க் வேலைய ஏழு அடுக்கா பிரிக்கற ஓஎஸ்ஐ மாடல்ல ஏழு லேயரும் மனப்பாடமா தெரியும் சார், பரீட்சைல எழுதிடுவேன். ஆனா ஒரே வேலைய எதுக்கு ஏழா பிரிக்கணும்னு மட்டும் புரியவே இல்ல. (பிஎஸ்சி மாணவி, கோத்தகிரி)

பதில்: மனப்பாடம் பண்ணினதுக்கு அப்புறமும் புரியலன்னு ஒத்துக்கறதுக்கே தனி மனசு வேணும் கண்ணு, நல்ல கேள்வி. நீ வீட்ல வைஃபைல வாட்ஸ்அப் பேசிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கற, கேட்டை தாண்டினதும் வைஃபை போய் 4ஜி வந்துடுது. கீழ இருக்கற ரேடியோ மொத்தமா மாறிப்போச்சு, ஆனா அதுக்காக வாட்ஸ்அப்பை யாரும் புதுசா எழுதல இல்லையா? கீழ மாறினா மேல இருக்கறவனுக்கு தெரிய வேண்டாம், மேல மாறினா கீழ இருக்கறவனுக்கு கவலை வேண்டாம், லேயர் பிரிச்சதே இதுக்காகத்தான். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1-ஆம் தேதி, இன்னிக்கும் நெட் ஓடற விதிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறுச்சு, அன்னிக்கு வைஃபையும் கிடையாது 4ஜியும் கிடையாது, ஆனா அதே ஐபி இன்னிக்கு இது எல்லாத்துக்கும் மேல உக்காந்து ஓடுது. ஓஎஸ்ஐ மாடல் ஸ்டாண்டர்டா வந்தது 1984-ல, அதுக்குள்ள டிசிபி/ஐபி ஓட ஆரம்பிச்சாச்சு, அதனாலதான் செஷன், பிரசன்டேஷன்னு தனி லேயரை நிஜ மெஷின்ல தேடினா உனக்கு கிடைக்காது, அந்த வேலையெல்லாம் அப்ளிகேஷனே பார்த்துக்குது.

இதை கண்ணால பார்க்கணும்னா லேப்ல வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போற வர்றதை பிடிச்சு காட்டற சாஃப்ட்வேர்) போட்டு ஒரே ஒரு பாக்கெட்டை, அதாவது டேட்டாவோட ஒரு பொட்டலத்தை, கிளிக் பண்ணு. கீழ மடிப்பு மடிப்பா திறக்கும். நீ அனுப்பின சேதி 1000 பைட்னு வை, அதுக்கு மேல டிசிபி 20 பைட் தலைப்பு போடும், அதுக்கு மேல ஐபி 20, கடைசியா ஈதர்நெட், அதாவது கேபிள்ல அனுப்பற லேயர், முன்னால 14 பின்னால 4, ஆக மொத்தம் 1058. அந்த பின்னால 4 பைட்டை மட்டும் வயர்ஷார்க்ல பெரும்பாலும் பார்க்க முடியாது, நெட்வொர்க் கார்டே சரி பார்த்துட்டு எடுத்துடும். இந்த கூட்டலை ஒரு தடவை கையால போட்டுப் பாரு, அதுக்கப்புறம் ஏழு லேயரை மறக்கணும்னாலும் மறக்காது.

கேள்வி: ஜூன், ஜூலைல மழை பிடிச்சா பொண்ணோட ஆன்லைன் கிளாஸ் கட் ஆயிட்டே இருக்கு. மழைல சிக்னல் கரைஞ்சுடுமா? (ஒரு தகப்பனார், கூடலூர்)

பதில்: பாதி சரிங்க. மழைத்துளி நல்லா தடுக்கறது சுமார் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற அலையத்தான், உங்க வீட்டு டிடிஹெச் படம் மழைல நின்னு நின்னு வர்றது அதனாலதான். போன் 4ஜி எல்லாம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு கீழ, அதை மழைத்துளி பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நனைஞ்ச மரம். இலையில தண்ணி நின்னா அலைய உறிஞ்சும், நம்ம ஊர்ல வீட்டுக்கும் டவருக்கும் நடுவுல சில்வர் ஓக்கும் சோலையும் இல்லாத இடமே கம்மி. இன்னொண்ணு, மலையில சில டவருக்கு கீழ கேபிளே வராது, அடுத்த டவர்லேர்ந்து மைக்ரோவேவ் டிஷ்ல வாங்கி கொடுப்பாங்க, அந்த டிஷ் ஓடற அலை மழைக்கு பயப்படற ரகமா இருந்தா உங்க போன்ல நாலு கட்டை காட்டும் ஆனா உள்ள ஒண்ணும் ஓடாது. இதோட கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்துச்சுன்னா கேக்கவே வேண்டாம். பொண்ணை டவர் இருக்கற பக்கத்து ஜன்னல்கிட்ட உக்காரச் சொல்லுங்க, வீடியோவை ஆஃப் பண்ணிட்டு குரல் மட்டும் வச்சுக்கச் சொல்லுங்க. பழைய டெலிபோன் கணக்குல பார்த்தாலே ஒரு குரலுக்கு 64 கேபிபிஎஸ் போதும், வீடியோ அதுக்கு பல மடங்கு கேக்கும். பாடம் காதுல விழுந்தா பாதி கிணறு தாண்டின மாதிரி.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கெஸ்ட் வீடியோ கால் உடையுதுன்னு திட்டறாங்க. 200-க்கு மாத்தலாமா? (ஹோம்ஸ்டே நடத்துபவர், கொடைக்கானல்)

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்க அண்ணா. 100 எம்பிபிஎஸ்ங்கறது ரோடு எவ்ளோ அகலம்ங்கற கணக்கு, வண்டி போய் சேர எவ்ளோ நேரம்ங்கறது வேற கணக்கு. முதல் செமஸ்டர் பசங்க எல்லாரும் வழுக்கி விழற இடமும் இதுதான், அதனால உங்க கேள்வியை அவங்களும் படிக்கட்டும். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்போ ஆயிரம் கிலோமீட்டர் போய் திரும்பி வர 10 மில்லிசெகண்ட்தான். தூரத்துல பிரச்சினை இல்லைன்னு இதுலயே தெரியுது. பிரச்சினை கியூவுல இருக்கு. வத்தலக்குண்டு ரோட்ல ஒரு லோடு லாரி கொண்டை ஊசி வளைவுல திணறினா பின்னாடி ஆம்புலன்ஸே வந்தாலும் நிக்க வேண்டியதுதான் இல்லையா, அதே மாதிரி ஒரு கெஸ்ட் கோக்கர்ஸ் வாக்ல எடுத்த ஐநூறு போட்டோவை அப்லோட் போட்டுட்டாருன்னா ரவுட்டர் பஃபர் (பாக்கெட் காத்திருக்கற இடம்) ரொம்பி, அடுத்த ரூம்ல பேசறவங்களோட குரல் பாக்கெட் அதுக்கு பின்னாடி வரிசைல நிக்கும்.

சோதிச்சுப் பாருங்க. யாரும் எதுவும் ஓட்டாதப்ப வெளியில ஒரு முகவரிக்கு பிங் (ஒரு சின்ன பாக்கெட் போய் திரும்ப எவ்ளோ நேரம்னு பார்க்கற கட்டளை) போடுங்க, 20, 30 மில்லிசெகண்ட் வரும்னு வச்சுக்குவோம். அப்புறம் ஒரு பெரிய ஃபைலை அப்லோட் போட்டுட்டு மறுபடி பிங் போடுங்க. அது 500, 600-னு ஏறிச்சுன்னா வியாதி கியூதான், பிளானை மாத்தறதுக்கு முன்னாடி ரவுட்டர்ல அப்லோட் அளவை லைனோட உண்மையான வேகத்துல 85, 90 சதவீதத்துக்கு கட்டி வைங்க. ஏறவே இல்லன்னா பழைய பங்களாவோட கல்லு சுவர்தான் வைஃபையை குடிக்குது, நடுவுல இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கற பெட்டி) போடணும்.

கேள்வி: ஷானன் ஃபார்முலால, C = B log2(1 + S/N), நம்பர் போட்டா விடை வருது, அது என்ன சொல்லுதுன்னு தெரியல. (மூன்றாம் ஆண்டு மாணவர், ஊட்டி)

பதில்: ஊட்டில இருந்துட்டு இதை கேக்கறது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு தம்பி, ஏன்னா முத்தோரையில இருக்கற ரேடியோ டெலஸ்கோப்பை நீ பஸ்ல போறப்பவே பார்த்திருப்ப. 530 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலம், 1970-ல ஓட ஆரம்பிச்சது, கோவிந்த் ஸ்வரூப் தலைமைல டாடா ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர் கட்டினது. மலைச்சரிவு அந்த இடத்தோட அட்சரேகைக்கு சமமா 11 டிகிரி சாஞ்சிருக்கறதாலதான் அங்க வச்சாங்க. அவ்ளோ பெருசு எதுக்கு? வானத்துலேர்ந்து வர்ற சிக்னல் அவ்ளோ சன்னம், நாய்ஸுக்குள்ள, அதாவது இரைச்சலுக்குள்ள, முங்கி கிடக்கும், பெரிய முறத்தை வச்சு அள்ளினாதான் சிக்னல் கொஞ்சம் தலை தூக்கும். ஷானன் 1948-ல சொன்னதும் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் நடுவுல இருக்கற இந்த விகிதத்தைத்தான்: பேண்ட்வித்தும் (அலைவரிசையோட அகலம்) இந்த விகிதமும் தெரிஞ்சா செகண்டுக்கு பிழையில்லாம அதிகபட்சம் எவ்ளோ பிட் அனுப்பலாம்னு ஒரு கூரை வந்துடும்.

டெலிபோன் லைனை எடுத்துக்க. பேண்ட்வித் 3000 ஹெர்ட்ஸ், சிக்னல் நாய்ஸ் விகிதம் 35 டெசிபல், அதாவது நாய்ஸை விட சிக்னல் 3162 மடங்கு. ஃபார்முலால இருக்கற 1-ஐ கூட்டினா 3163, அதுக்கு பேஸ் 2 லாக் கிட்டத்தட்ட 11.63, 3000-ஆல பெருக்கினா செகண்டுக்கு சுமார் 34,900 பிட். பழைய டயல்-அப் மோடம் 33.6 கேபிபிஎஸ்ல நின்னது ஏன்னு இப்ப தெரியுதா? இப்ப சிக்னல் பவரை ரெண்டு மடங்கு ஆக்கிப் பாரு, கூடுதலா வர்றது வெறும் 3000 பிட். அதே விகிதத்தை வச்சுக்கிட்டு பேண்ட்வித்தை ரெண்டு மடங்கு ஆக்கினா மொத்தமே ரெண்டு மடங்கு. ஸ்பெக்ட்ரத்துக்கு கம்பெனிகள் அவ்ளோ காசு கொட்டறதுக்கு காரணம் இந்த லாக்தான்.

கேள்வி: ப்ரோட்டோகால்னா சுருக்கமா என்ன? (குன்னூர்)

பதில்: உங்க ஊர் ரயில்தான் பதில். கல்லாறுலேர்ந்து குன்னூருக்கு ஏறறப்ப இஞ்சின் பின்னால நின்னு தள்ளும், பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு, டிரைவர் அடிக்கற விசிலை கேட்டுத்தான் பிரேக். விசில் எப்படி இருக்கணும், அதுக்கு என்ன அர்த்தம், எப்ப அடிக்கணும், கேட்டதும் என்ன பண்ணணும், எல்லாம் முன்னாடியே பேசி வச்சது, அந்த ஒப்பந்தம்தான் ப்ரோட்டோகால். புத்தகத்துல சின்டாக்ஸ், செமான்டிக்ஸ், டைமிங்னு மூணா பிரிச்சு எழுதியிருக்கறது இதைத்தான்.

கேள்வி: 192.168.10.0/26-ல எத்தனை கம்ப்யூட்டர்? (கூடலூர் மாணவர்)

பதில்: ஐபி முகவரில மொத்தம் 32 பிட், அதுல நெட்வொர்க்குக்கு 26 போனா மெஷினுக்கு 6 பிட், 64 முகவரி. முதலாவது நெட்வொர்க்கையே குறிக்கும், கடைசி எல்லாருக்கும் சேர்த்து அனுப்பறதுக்கு, ரெண்டையும் கழிச்சா 62.

கேள்வி: எல்லா மெஷினையும் ஒரே கேபிள்ல கோக்கற பஸ் டோபாலஜி, கோஆக்சியல் கேபிள் எல்லாம் இப்ப எங்கயும் இல்லையே, ஏன் இன்னும் படிக்கணும்? (பொறியியல் மாணவி, குன்னூர்)

பதில்: நான் சேர்ந்த புதுசுல எங்க லேப் அந்த கேபிள்லதான் ஓடுச்சும்மா. 10பேஸ்2ங்கற பழைய ஈதர்நெட், கருப்பு கேபிள், ஒவ்வொரு மெஷின் பின்னாடியும் T வடிவத்துல ஒரு கனெக்டர், ரெண்டு கோடியிலயும் விரல் நுனி அளவு ஒரு மூடி, அதுக்குள்ள 50 ஓம் ரெசிஸ்டர். ஒரு நாள் பிராக்டிகல் பரீட்சை நடுவுல இருபது மெஷினும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு. சர்வர்னு நினைச்சு அரை மணி நேரம் அதையே நோண்டினோம். கடைசில பார்த்தா பெஞ்சை நகர்த்தினப்ப அந்த மூடி கழண்டு தரைல உருண்டு கிடக்கு. முனை திறந்திருந்தா சிக்னல் அங்க போய் முட்டி, பாறைக்கு எதிர்ல கத்தின குரல் மாதிரி திரும்பி வந்து புதுசா வர்றதோட மோதும், யாராலயும் பேச முடியாது. அதை எடுத்து திருகினேன், லேப் உயிர் வந்துச்சு. ரிஃப்ளெக்ஷன்ங்கற வார்த்தை அன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது, அது வரைக்கும் போர்டுல எழுதி போட்டதோட சரி.

கேபிள் போயிடுச்சு, ஆனா ஒரே ஊடகத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கற பிரச்சினை போகல. உங்க ஹாஸ்டல் வைஃபைல நாப்பது போனும் ஒரே காத்துல பேசுது, அதுவும் ஒரு பஸ்தான். 1971-ல ஹவாய் தீவுகள்ல ஆப்ரம்சன் குழு அலோஹாநெட்ங்கற ரேடியோ நெட்வொர்க்கை ஓட்டினப்ப வந்த அதே மோதல். தோணினப்ப அனுப்பினா சேனல்ல அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியா போகும், நேரத்தை கட்டம் கட்டி பிரிச்சு அந்த கட்டத்தோட ஆரம்பத்துல மட்டும் அனுப்பினா 36.8. வைஃபை அதை விட புத்திசாலி, பேசறதுக்கு முன்னாடி காதை கொடுத்து கேக்கும். ஆனா கேக்க முடியாத ஆள் ஒருத்தர் இருந்தா? மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு, உச்சியில ஆன்டெனா. ரெண்டு பேருக்கும் உச்சி தெரியும், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேரும் அமைதியா இருக்குன்னு நினைச்சு ஒரே நேரத்துல பேசுவாங்க, உச்சியில மோதிக்கும். ஹிடன் டெர்மினல்னு கேட்டா இதை எழுதுங்க, அனுப்பலாமான்னு உச்சிகிட்ட முதல்ல கேட்டு அது சரின்னு சொன்ன பிறகு அனுப்பறதுதான் ஆர்டிஎஸ், சிடிஎஸ்னும் சேர்த்துக்கங்க. படம் கட்டாயம் போடுங்க, ரெண்டு வீடும் நடுவுல ஒரு மலையும் வரைஞ்சா போதும்.