நரம்பில் ஏறும் வைட்டமின்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 34 வயது, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் அழகியல் மையத்தில் 'எனர்ஜி டிரிப்', 'இம்யூனிட்டி டிரிப்' என்று விலைப்பட்டியல் வைத்து, ஒரு மணி நேரத்தில் வைட்டமின்களை ஏற்றி அனுப்புகிறார்கள். போட்டுக்கொண்ட தோழிகள் இருவரும் புத்துணர்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். வைட்டமின்தானே, இதனால் என்ன கெடுதல் வந்துவிடும்? பக்கவிளைவுகள் உண்டா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 'வைட்டமின்தானே' என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். வாய்வழியாகச் சாப்பிடும் எதையும் நம் குடல் அப்படியே இரத்தத்துக்குள் விட்டுவிடுவதில்லை. தேவையான அளவை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும் காவல் வேலையை அது நாள்தோறும் செய்கிறது. வைட்டமின் சி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராமும் ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. அந்த 200 மில்லிகிராமிலேயே இரத்தத்தில் அதன் அளவு கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மாத்திரையாக எவ்வளவு விழுங்கினாலும் பெரிதாக ஏறாது. நரம்பில் ஏற்றும்போது (நாம் 'நரம்பு' என்று பேச்சில் சொன்னாலும் ஊசி நுழைவது சிரை என்னும் இரத்தக் குழாயில்தான்) இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு, பல ஆயிரம் மில்லிகிராம் ஒரே மூச்சில் இரத்தத்தில் கலக்கிறது. வேண்டாத அளவைச் சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும்.

அந்த வேலையில்தான் முதல் அபாயம் இருக்கிறது. வைட்டமின் சி உடலில் சிதையும்போது ஆக்சலேட் உண்டாகிறது. அது கால்சியத்துடன் சேர்ந்து படிகங்களாகச் சிறுநீரக நுண்குழாய்களில் படிந்து, சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே கல் வந்தவர்களும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் என்னும் கழிவு இரத்தத்தில் கூடியிருப்பவர்களும் இதன் பக்கமே போகக்கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் இரத்தசோகை ஏற்படலாம். தனக்கு அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் மருத்துவ ஆய்வுகளில் அதிக அளவு வைட்டமின் சி கொடுக்கும் முன் இந்த நொதியின் அளவைச் சோதித்துப் பார்க்கிறார்கள். உங்கள் மையத்தில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது அந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிடும்.

டிரிப்பில் வைட்டமின் மட்டுமே இருப்பதும் இல்லை. பெரும்பாலானவற்றில் மக்னீசியமும் கால்சியமும் சேர்க்கப்படுகின்றன. மக்னீசியம் வேகமாக ஏறினால் உடம்பெல்லாம் சூடு பரவி, இரத்த அழுத்தம் சரிந்து, மயக்கம் வரும். தயமின் எனப்படும் பி1 ஊசி, அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கிறது. பொட்டாசியம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. அளவோ வேகமோ தவறினால் இதயம் நின்றுவிடும். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இப்படிப்பட்ட ஓர் அழகியல் மையத்தில் தாது உப்புக் கலவை கொண்ட டிரிப் ஏற்றிக்கொண்ட 47 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார்; ஏற்றும்போது மருத்துவர் அங்கே இல்லை. அதன் விளைவாக 2025-இல் அந்த மாநிலம் இத்தகைய மையங்களுக்கென்றே ஒரு சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது.

இனி, தோழிகளின் புத்துணர்ச்சி. அவர்கள் பொய் சொல்லவில்லை. நீர்ச்சத்துக் குறைந்திருந்த உடம்பில் அரை லிட்டர் நீர் ஏறினால் தெம்பாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைத்துச் சாய்ந்து கிடந்தாலே பாதிக் களைப்பு போய்விடும் என்பதும் உண்மை. இந்த டிரிப்புகளுக்கு முன்னோடி, பால்டிமோர் நகர மருத்துவர் ஜான் மையர்ஸின் பெயரால் வழங்கும் 'மையர்ஸ் காக்டெயில்'. தசைவலி நோயாளிகள் 34 பேரிடம், பாதிப்பேருக்கு அந்தக் கலவையையும் மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீரையும் யாருக்கு எது என்று சொல்லாமல் எட்டு வாரம் ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தீவிரக் கிருமித்தொற்றில் வைட்டமின் சி உயிர்காக்கும் என்று பெரிதும் நம்பப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அதை நரம்பில் பெற்றவர்களில் 44.5 சதவீதம் பேர் 28-ஆம் நாளுக்குள் இறந்தனர் அல்லது உறுப்புச் செயலிழப்பு நீங்காமல் இருந்தனர். பெறாதவர்களில் அது 38.5 சதவீதம். உங்களைப் போன்ற ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வு அல்ல இது என்பது உண்மைதான். ஆனாலும், பயன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் நான் காட்டுவது வழக்கம்.

கேள்வி: வயது 68. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. உடம்பு அசதியாக இருக்கும்போதெல்லாம், மாதம் ஒருமுறையாவது, பக்கத்துக் கிளினிக்கில் மஞ்சள் மருந்து கலந்த ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வேன். இரண்டு நாள் தெம்பாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் இதைப் பார்த்துச் சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வதுதான் சரி, ஆனால் சண்டை வேண்டியதில்லை. உங்களுக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் டி.என்.எஸ். என்று கிளினிக்குகளில் சொல்லப்படும், குளுக்கோஸும் உப்பும் கலந்த நீராக இருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ். அதாவது ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை. இரண்டு இட்லியில் கிடைக்கும் சக்திதான் அதில் கிடைக்கிறது, ஆனால் இட்லியைப் போல மெதுவாக அல்ல. கூடவே 4.5 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதும் சேர்த்தே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் நீங்கள், வீட்டில் ஊறுகாயை ஒதுக்கிவிட்டு, அந்த உப்பைக் கை வழியாக ஏற்றிக்கொள்கிறீர்கள். ஏற்றிய மறுநாள் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். இரவில் படுத்தால் மூச்சு முட்டினால், இதயமோ சிறுநீரகமோ அந்த நீரைத் தாங்கவில்லை என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த மஞ்சள் நிறம் ரிபோஃப்ளேவின் என்னும் பி2-வின் நிறம். சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொடுத்த காசின் ஒரு பகுதி அப்படித்தான் போகிறது. சர்க்கரை நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: அதிக அளவு வைட்டமின் சி ஏற்றிய பின் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் அதைச் சர்க்கரை என்று தவறாகக் கணக்கிட்டு, இல்லாத அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டவருக்குத் தாழ்சர்க்கரை வந்து நினைவு தப்பும்.

அசதிக்குக் காரணம் தேடாமல் இத்தனை பாட்டில்கள் ஏறியிருப்பதுதான் என் வருத்தம். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் பி12 குறைந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, கிரியாட்டினின், ஓர் ஈ.சி.ஜி. ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி12 குறைந்திருந்தால் அதற்குத் தசையில் போடும் ஊசியோ மாத்திரையோ போதும், பாட்டில் தேவையில்லை.

கேள்வி: மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நிறம் கூடுவதற்கு குளுட்டாதயோன் டிரிப் பத்து முறை போட வேண்டும் என்று அழகு நிலையத்தில் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். குளுட்டாதயோன் நம் உடம்பே தயாரிக்கும் பொருள்தான். ஆனால் தோலின் நிறத்தை மாற்றுவதற்காக அதை நரம்பில் ஏற்றலாம் என்று சொல்லத் தகுந்த சான்று இல்லை. இந்த வழக்கம் மிகப் பரவலாக உள்ள பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துடன் துணையாகக் கொடுப்பதற்கு மட்டுமே இந்த ஊசிக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது; நிறத்துக்காகப் போடுவதை எதிர்த்து 2011-லிருந்தே எச்சரித்து வருகிறது. தோல் முழுவதும் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், தைராய்டுக் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு, கடும் வயிற்றுவலி ஆகியவற்றை அந்த எச்சரிக்கை குறிப்பிடுகிறது. பத்து முறைக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தால் திரும்பக் கேளுங்கள். மணப்பெண்ணின் நிறத்தை யார் குறை சொன்னார்கள் என்பது மருத்துவக் கேள்வி அல்ல என்றாலும், அதை வீட்டில் ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆறாம் மாதக் கர்ப்பம். ஹீமோகுளோபின் 8 இருப்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை டிரிப்பாக ஏற்ற வேண்டும் என்கிறார்கள். டிரிப்பே ஆபத்து என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.
— வாசகி, விழுப்புரம்

பதில்: பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். குறை இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது, அளவு கணக்கிடப்படுகிறது, ஒவ்வாமை வந்தால் கவனிக்க மருத்துவரும் மருந்தும் அருகில் இருக்கின்றன. கடும் வாந்தியில் நீர்ச்சத்து வற்றியவர், குடல் அறுவை முடிந்து சாப்பிட முடியாதவர், மதுவால் தயமின் வற்றிப்போனவர் ஆகியோருக்கும் நரம்பு வழியே கொடுப்பதுதான் உயிர்காக்கும் சிகிச்சை. ஏற்றும்போது நெஞ்சு இறுக்கம், அரிப்பு, மூச்சுத் திணறல் எது வந்தாலும் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் செவிலியர். வீட்டுக்கே சென்று வைட்டமின் டிரிப் போடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். ஏழெட்டு ஆம்பூல்களை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்) உடைத்து ஒரே பாட்டிலில் கலக்கச் சொல்கிறார்கள். மருத்துவர் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. சென்ற வாரம் ஒருவருக்கு வென்ஃப்ளான் (சிரைக்குள் செருகும் ஊசிக்குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கிவிட்டது. என் பொறுப்பு எதுவரை?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. சாப்பாட்டு மேசைமேல், மின்விசிறி சுழல, ஒவ்வோர் ஆம்பூலாக உடைத்து உறிஞ்சிப் பாட்டிலுக்குள் செலுத்தும்போது, ஒவ்வொரு குத்தலும் கிருமிக்கு ஒரு வாசல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் மருத்துவர் அலுவலகங்களிலும் கிளினிக்குகளிலும் தூய்மையற்ற சூழலில் மருந்து கலப்பதைப் பற்றி எச்சரித்தபோது, வீட்டில் வைட்டமின் டிரிப் ஏற்றிக்கொண்ட 50 வயதுப் பெண் ஒருவர் இரத்தத்தில் தொற்றுப் பரவியதாகக் கருதப்படும் அதிர்ச்சி நிலையிலும் பல உறுப்புச் செயலிழப்பிலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. கிருமி இல்லாவிட்டாலும், ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகள் பாட்டிலுக்குள் படிந்து துகளாகலாம். கலங்கலோ மிதக்கும் துகளோ தெரிந்தால் அதை ஏற்றக்கூடாது. தெரியவில்லை என்பதாலேயே அது சரியானது என்றும் ஆகாது.

சிவந்து வீங்கிய அந்த நபருக்குச் சிரை அழற்சியாக இருக்கலாம். வென்ஃப்ளானை உடனே எடுத்து, கையை உயர்த்தி வைத்து, ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும். சிவப்பு கோடாக மேலேறினாலோ, சீழ் வைத்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ அதே நாளில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

உங்கள் பொறுப்பைப் பொறுத்தவரை, நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் கையெழுத்திட்டு, மருந்தின் பெயர், அளவு, ஏற்றும் வேகம் ஆகியவை எழுதப்பட்ட சீட்டு இல்லாமல் ஊசியைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'பேக்கேஜ்' பெயர் மருந்துச் சீட்டு ஆகாது. பையில் அட்ரினலின் இருக்க வேண்டும்; ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற ஊசிகள். கூடவே 108-ஐ அழைக்க வேண்டும். நிறுவனம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வேலை தேடுவது உங்கள் பதிவுச் சான்றிதழுக்குப் பாதுகாப்பு. சென்ற வார நிகழ்வை, மருந்தால் ஏற்படும் தீய விளைவுகளைப் பதியும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். அவர்கள் முதலில் கேட்பவற்றில் மருந்தின் தொகுப்பு எண்ணும் (பேட்ச் நம்பர்) ஒன்று. ஆகவே உடைத்த ஆம்பூல்களை, லேபிள் தெரியும்படி, டிரிப் முடிந்து ஒரு நாளாவது எறியாமல் வைத்திருங்கள்.