டெலிவரி எடுத்த ரெண்டாவது வாரமே டிக்கில தண்ணி

கேள்வி: சார் வணக்கம், நான் ஸ்கூல் டீச்சர், தூத்துக்குடி. எங்க கார் சில்வர் கலர் செடான், வாங்கி மூணரை வருஷம் ஆகுது. போன மாசம் சிக்னல்ல நின்னுட்டு இருந்தப்ப பின்னாடி வந்த வேன் இடது மூலையில இடிச்சிருச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணினோம், அவங்களே டை-அப் ஒர்க்‌ஷாப் ஒண்ணு சொல்லி கேஷ்லெஸ்ல பண்ணிக்கலாம்னாங்க, 22 நாள் ஆச்சு. ராத்திரி ஏழரை மணிக்கு வண்டிய குடுத்தாங்க, நானும் கையெழுத்து போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். காலைல பாத்தா இடிச்ச பக்கம் மட்டும் கலர் வேற மாதிரி இருக்கு, கேட்டா வெயில்ல ஓட்டுங்க செட் ஆயிடும்ங்கிறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மழை பெஞ்சப்ப டிக்கில ஸ்டெப்னி வைக்கிற குழில தண்ணி நிக்குது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா அது பழைய பிரச்னையா இருக்கும்ங்கிறாங்க, இன்சூரன்ஸ்ல கேட்டா ஒர்க்‌ஷாப்ல பேசுங்கன்னு சொல்றாங்க. கையிலிருந்தும் பணம் கட்டியிருக்கேன். நான் யாரைப் போய் கேக்கிறது?

பதில்: டீச்சர், வெயில்ல ஓட்டினா கலர் செட் ஆகும்னு சொன்னாங்க பாருங்க, அது சுத்தப் பொய். பெயிண்ட் அடிக்கிற பூத்துல வெச்சு காய வெச்சதுக்கு அப்புறம் அந்த ஷேடு எதுவோ அதுதான், ஆறு மாசம் ஆனாலும் பக்கத்து கதவோட சேராது. நான் 11 வருஷம் பாடி ஷாப்ல அட்வைசரா இருந்திருக்கேன், இந்த ஒரு வார்த்தையை சொல்லி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு கண்ணால பாத்ததால இவ்வளவு கோவமா எழுதறேன்.

சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலர்ல பொடிப்பொடியா அலுமினியத் துகள் இருக்கும். ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்துல பிடிக்கிறாங்க, ஏர் பிரஷர் எவ்வளவு, எவ்வளவு ஈரமா அடிக்கிறாங்கங்கிறத பொறுத்து அந்தத் துகள் படுக்கிற விதம் மாறும், அதனால ஒரே கலர் நம்பரைப் போட்டு கலந்தாக்கூட ஷேடு மாறித் தெரியும். அதுக்குத்தான் நல்ல பெயிண்டர் அடிபட்ட இடத்தோட நிறுத்தாம பக்கத்து கதவு வரைக்கும் லேசா இழுத்து விடுவார், பிளெண்டிங்னு சொல்றது இதைத்தான். ஆனா அந்த கதவு அடிபடலையேன்னு எஸ்டிமேட்ல அதுக்கு பணம் பாஸ் ஆகாது, நான் வேலை பாத்த இடத்துல இது தினமும் நடக்கும், ஒர்க்‌ஷாப்காரரும் காசு வராத வேலைய ஏன் செய்யணும்னு கோடு கிழிச்ச மாதிரி நிறுத்திருவார். உங்க வண்டில நடந்தது அனேகமா இதுவாத்தான் இருக்கும்.

ஆனா எனக்கு கலரை விட தண்ணிதான் கவலை. பின் ஃபெண்டர், அதாவது பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு, கதவு மாதிரி போல்ட்ல கழட்டி மாட்டுற ஐட்டம் இல்ல, பாடியோட வெல்டிங் ஆனது. அதை வெட்டியோ இழுத்தோ வேலை செஞ்சா அந்த ஜாயின்ட்ல எல்லாம் தண்ணி புகாம அடைக்கிற சீலர் திரும்ப போடணும், அதை அவசரத்துல விட்டுருவாங்க. டெயில் லைட்டுக்கு பின்னாடி இருக்கிற கேஸ்கட்டை பழசையே மாட்டிருவாங்க. ஒரு தடவ இதே மாதிரி வந்த வண்டில நானே டிக்கிக்குள்ள சுருண்டு படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெளிய இருந்து பையன் ஹோஸ்ல தண்ணி அடிக்கிறான், நாலு நிமிஷம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் டெயில் லைட் ஒயர் உள்ள வர்ற ரப்பர் பக்கத்துல நூல் மாதிரி ஒரு கோடு பளபளன்னு இறங்குது, நேரா ஸ்டெப்னி குழிக்குத்தான் போகுது. அங்க பெயிண்டே அடிக்காம வெல்டிங் பண்ணின தகடு அப்பவே செம்மண் கலர்ல இருந்துச்சு. உங்க ஊர் கடல் காத்துக்கு இதை ஒரு மழைக்காலம் விட்டு வெச்சீங்கன்னா தகடு உள்ளேயிருந்து அரிச்சிரும். அதனால இன்னைக்கே கார்பெட்டை தூக்கி காய வைங்க, இந்த ஹோஸ் டெஸ்ட்டை வீட்லயே யாரையாவது வெச்சு செஞ்சு தண்ணி இறங்குற இடத்தை வீடியோ எடுங்க. டிக்கிக்குள்ள ஆளை விட்டு மூட வேண்டாம், பின் சீட்டை மடிக்க முடிஞ்சா அந்த வழியா பாத்தா போதும், இல்லைன்னா போனை உள்ள வெச்சு வீடியோ ஓட விடுங்க.

இன்னொண்ணு, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சின்ன மேக்னட் ஒண்ணு எடுத்து, பெயிண்ட்ல கீறல் விழாம மெல்லிசு துணி சுத்தி, அடிபடாத வலது பக்க பின் ஃபெண்டர்ல முதல்ல வெச்சுப் பாருங்க, பிடிச்சு நிக்கும். அதையே இடது பக்கம் அதே இடத்துல வைங்க. வழுக்கி விழுந்தா உள்ள பட்டி கனமா அப்பியிருக்காங்கன்னு அர்த்தம். டிங்கரிங் வேலைல கொஞ்சம் பட்டி தப்பு இல்ல, தகடை இழுத்து நேராக்காம பள்ளத்தை பட்டியாலயே நிரப்பினா கொஞ்ச நாள்ல வெடிக்கும். கம்பெனி பெயிண்ட் கனம் பொதுவா 100 மைக்ரானை ஒட்டி இருக்கும், பழைய கார் விக்கிறவங்க கிட்ட அதை அளக்கிற கருவி இருக்கும், அதுல பல நூறு காட்டினா அந்த ரீடிங்கை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இதெல்லாம் கையில வந்ததுக்கு அப்புறம் வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல, முடிஞ்சா உங்க கார் கம்பெனியோட சர்வீஸ் சென்டர்லயே, காசு குடுத்தாவது செக் பண்ணி, என்னென்ன தப்பு, சரி பண்ண எவ்வளவு ஆகும்னு லெட்டர்ஹெட்ல எஸ்டிமேட் வாங்கிருங்க. ஆனா இப்போதைக்கு அங்க வேலைய ஆரம்பிச்சிராதீங்க, இன்சூரன்ஸ்காரங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி கழட்டிட்டா உங்க கையில இருக்கிற ஆதாரமே போயிடும்.

இப்ப யாரைக் கேக்கிறதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். ஒர்க்‌ஷாப் அட்வைசர் கிட்ட போன்ல சண்டை போடறதை இன்னையோட விடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல போங்க, ஒர்க்‌ஷாப்புக்கு காப்பி போடுங்க. அந்த ஒர்க்‌ஷாப்பை காட்டினது கம்பெனி, வேலைய பாஸ் பண்ணினது அவங்க அனுப்பின சர்வேயர், பில்லை கட்டினதும் அவங்கதான், அதனால நாங்க நடுவுல இல்லைன்னு அவங்க ஒதுங்கிற முடியாது. வேலைத்தரம் ஒர்க்‌ஷாப் பொறுப்புன்னு பதில் வரும், வரட்டும், அதையும் எழுத்துலயே வாங்கிக்கோங்க.

மெயில்ல பாலிசி நம்பர், கிளெய்ம் நம்பர், டெலிவரி எடுத்த தேதி, தண்ணியை முதல்ல பாத்த தேதி போடுங்க. போட்டோ, வீடியோ, அந்த எஸ்டிமேட் வைங்க. மூணு விஷயம் தெளிவா கேளுங்க, சர்வேயர் திரும்ப வந்து வண்டிய பாக்கணும், தப்பான வேலைய உங்களுக்கு செலவில்லாம வேற இடத்துலயோ அங்கயோ திரும்ப செய்யணும், சர்வே ரிப்போர்ட் காப்பியும் ஃபைனல் பில்லும் வேணும். ரிப்போர்ட் காப்பியை தயங்காம கேளுங்க, கேட்டா குடுக்கணும். அது வந்ததும் அதுல ரீப்ளேஸ்னு இருக்கிற பார்ட் எல்லாம் உங்க வண்டில நிஜமாவே மாத்தியிருக்கான்னு ஒவ்வொண்ணா பாருங்க. வண்டி திரும்ப நிக்கிற நாள்ல ஆட்டோ, டாக்ஸி பில்லையும் எடுத்து வைங்க.

ராத்திரி ஏழரைக்கு கையெழுத்து போட்டுட்டேனேன்னு மனசை போட்டு குழப்பிக்க வேண்டாம். அது சாட்டிஸ்ஃபேக்‌ஷன் வவுச்சர், வேலை திருப்தின்னு எழுதிக் குடுக்கிற சீட்டு, பணம் ரிலீஸ் ஆக அவங்களுக்கு வேணும். மழை பெய்யாம தெரியாத ஒழுகலை ட்யூப்லைட் வெளிச்சத்துல எந்த டீச்சரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, அதை அப்படியே மெயில்ல எழுதுங்க. பாத்ததும் உடனே சொன்னீங்கங்கிறது ரொம்ப முக்கியம், அதனால இந்த வாரமே அனுப்பிருங்க.

கம்பெனியோட குறை தீர்க்கும் அதிகாரி கிட்ட புகார் குடுத்து ரெண்டு வாரத்துல சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கிற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல போடுங்க, 155255க்கு போன் பண்ணியும் பதியலாம். அதுக்கு மேல ரெண்டு வழி இருக்கு. இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன் ஒண்ணு, தமிழ்நாட்டுக்கு சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டைல ஆபீஸ், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சுக்கக் கூடாது, நீங்களேதான் பேசணும். கம்பெனிக்கு புகார் குடுத்து 1 மாசம் பதில் இல்லைன்னாலோ பதில் திருப்தி இல்லைன்னாலோ அங்க போகலாம், 1 வருஷத்துக்குள்ள போகணும். ஆனா ஆம்புட்ஸ்மேன் இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான் கேள்வி கேப்பாங்க, ஒர்க்‌ஷாப்பை கூப்பிட மாட்டாங்க. அதனால உங்க விஷயத்துக்கு நான் சொல்றது தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், கம்பெனியையும் ஒர்க்‌ஷாப்பையும் ஒரே மனுல எதிர்தரப்பா சேக்கலாம், யார் மேல எவ்வளவு பொறுப்புன்னு அவங்க பிரிச்சு முடிவு பண்ணட்டும். நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளங்கிறதால ஃபீஸ் இல்ல, 2 வருஷம் டைம் இருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல போட முடியாது, யோசிச்சு ஒண்ணை எடுங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு தமிழ்லயே பேசிப் பாருங்க, பல தடவ கம்பெனிக்கு அங்கேயிருந்து ஒரு மெயில் போனாலே சர்வேயர் திரும்ப வந்து நிப்பார்.

கையிலிருந்து பணம் கட்டினதா சொல்லியிருந்தீங்க. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத பாலிசி, எடுக்கலைன்னா மூணு வருஷத்துக்கு மேல நாலு வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டிக்கு மாத்தின உலோகப் பார்ட்ல 25 சதவீதம், பம்பர் மாதிரி பிளாஸ்டிக்ல 50 சதவீதம் உங்க கணக்கு. பெயிண்ட்ல மொத்த பில்லையும் பாதியாக்கக் கூடாது, சேத்து போட்ட பெயிண்ட் பில்லா இருந்தா அதுல கால் பங்கை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதியைத்தான் கழிக்கணும், அதாவது 8,000 ரூபா பெயிண்ட் பில்லுக்கு 1,000 ரூபா. 4,000 கழிச்சிருந்தா அதையும் அதே மெயில்ல கேளுங்க. இது போக 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபா கட்டாயமா பிடிப்பாங்க.

கேள்வி: எனக்கு 20 வருஷமா தெரிஞ்ச டிங்கர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். இன்சூரன்ஸ்காரங்க சொல்ற இடத்துலதான் விடணும்னு கட்டாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கட்டாயம் இல்ல தம்பி. கேஷ்லெஸ் வேணும்னாத்தான் அவங்க லிஸ்ட்ல இருக்கிற இடம். உங்க அண்ணன் கிட்ட விட்டா நீங்க முதல்ல பணம் கட்டி பில் குடுத்து வாங்கிக்கணும். கிளெய்ம் பதிஞ்சு சர்வேயர் வந்து பாக்கிற வரைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேண்டாம்னு அண்ணன் கிட்ட சொல்லிருங்க, அவர் கிட்ட ஜிஎஸ்டி பில் போட வசதி இருக்கான்னும் கேட்டுக்கோங்க, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா பணம் வாங்கறது கஷ்டம்.

கேள்வி: பில்லுல முன் கதவு புதுசுன்னு போட்டிருக்கு, ஆனா பழைய கதவையே நிமித்தி பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டாங்களோன்னு சந்தேகமா இருக்கு. எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகி, வேலூர்)

பதில்: கண்டுபிடிக்கலாம்மா. பகல்ல கதவை முழுசா திறந்து வெச்சு, கதவோட உள் ஓரத்துல விரலை மெதுவா ஓட்டிப் பாருங்க, ரப்பர் மாதிரி சீலர் ஒரே சீரா போயிருக்கான்னு எதிர்ப்பக்க கதவோட ஒப்பிடுங்க. பழைய அடி வாங்கின கதவா இருந்தா ஓரம் அங்கங்க அலை அலையா இருக்கும், பட்டி தேச்ச சொரசொரப்பு இருக்கும். கதவு பேடை, அதாவது கதவோட உள்பக்க மூடியை, கழட்டிப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும். புது கதவு பார்ட்டா வர்றப்ப கறுப்பு இல்லைன்னா சாம்பல் கலர் பிரைமரோடதான் வரும், உள்ள அந்த கலர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளேயும் பளிச்சுன்னு உங்க கார் கலரே இருந்து, அடிச்சு நிமித்தின தடமும் தெரிஞ்சா அது கம்பெனில இருந்து வந்த உங்க பழைய கதவுதான்.

அப்படின்னா இது வேலைத்தரம் சரியில்லங்கிற பிரச்னை இல்ல, மாத்தாத பார்ட்டுக்கு உங்க கிட்டயும் இன்சூரன்ஸ் கம்பெனி கிட்டயும் பணம் வாங்கியிருக்காங்க. பேடை நீங்களே கழட்டாம, ரீ-இன்ஸ்பெக்‌ஷன் வேணும்னு கம்பெனிக்கு மெயில் போட்டு, சர்வேயர் கண் முன்னாடி கழட்ட வைங்க. அந்த கதவு வாங்கின பார்ட்ஸ் பில்லையும், கழட்டின பழைய கதவு இப்ப எங்க இருக்குங்கிறதையும் ஒர்க்‌ஷாப் கிட்ட எழுத்துல கேளுங்க. புதுசு மாட்டியிருந்தா பழசு எங்கயாவது இருந்தாகணும், போட்டோவாவது இருக்கணும். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கம்மா, அதைப் பாத்துட்டு அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.